வெர்னின் அடுத்த நாவல்

ஜூல்ஸ் வெர்னின் புதிய நாவலுக்காகக் காத்திருப்பது 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வாசகர்களின் ஆண்டு வழக்கமாக இருந்தது. அதை வளர்த்தெடுத்தவர் பாரிஸ் பதிப்பாளர் பியேர்-ஜூல் எட்ஸெல். பலூன் பயணத்தைச் சொன்ன வெர்னின் முதல் நாவலை 1863இல் வெளியிட்ட அவர், மறு ஆண்டே இளைய வாசகர்களுக்காக மாதம் இருமுறை வரும் இதழ் ஒன்றைத் தொடங்கினார்.

வெர்ன் ஆண்டுதோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் நூல்கள் எழுதித் தர ஒப்பந்தம் செய்துகொண்டார். பெரும்பாலான கதைகள் முதலில் தொடராக வரும். பின்னர் படமில்லாத சிறிய பதிப்பு. கடைசியாக, படங்கள் நிறைந்த பெரிய பதிப்பு. பிரான்சில் புத்தாண்டுக்குப் பரிசளிக்கும் பழக்கம் உண்டு. அதற்கு முந்தைய வாரங்களில், பொன் அலங்காரம் பதித்த வண்ண அட்டையுடன் அந்தப் பெரிய பதிப்பு கடைக்கு வரும்.

கதையின் அமைப்பும் ஆவலைத் தூண்டியது. 1865இல் ஒரு நாளிதழில் வெளியான சந்திரப் பயணக் கதை, மூன்று பயணிகள் சென்ற குண்டு சந்திரனைச் சுற்றத் தொடங்கியதோடு முடிந்தது. அவர்கள் கதி என்ன என்பதை அறிய வாசகர்கள் நான்கு ஆண்டுகள் பொறுத்திருந்தனர். விடை சொன்ன இரண்டாம் பாகம் 1869இல்தான் வந்தது. 1870இல் முடிந்த கடலடிக் கதையில் கேப்டன் நெமோ யார், என்ன ஆனார் என்பவை மர்மமாகவே நின்றன. 1874, 1875இல் தொடராக வந்த ‘மர்மத் தீவு’ அவரை இந்தியாவின் புந்தேல்கண்ட் இளவரசராக அடையாளம் காட்டியது.

‘எண்பது நாளில் உலகைச் சுற்றி’ 1872 நவம்பர் 6 முதல் டிசம்பர் 22 வரை ‘லெ தாம்’ நாளிதழில் வந்தது. கதைநாயகன் ஃபாக் லண்டன் திரும்ப வேண்டிய கெடு டிசம்பர் 21. கதையின் நாட்காட்டியும் வாசகர் வீட்டு நாட்காட்டியும் ஒரே வாரத்தில் சந்தித்ததால், கெடு நெருங்கும் பரபரப்பை வாசகர்களும் நாள்தோறும் உணர முடிந்தது.

எட்ஸெல் 1886இல் இறந்த பின் அவருடைய மகன் தொழிலைத் தொடர்ந்தார். வெர்ன் 1905இல் அமியேன் நகரில் காலமானார். அதன் பிறகும் சில ஆண்டுகளுக்குப் புதிய நூல்கள் வந்தன. அவற்றில் பலவற்றை வெர்னின் மகன் மிஷெல் திருத்தியும் மாற்றியும் வெளியிட்டார். 1914இல் எட்ஸெல் நிறுவனம் ஆஷெத் பதிப்பகத்தின் கைக்கு மாறியது.