வரிக்காக நட்ட காத்தாடி

காலேஜ் மூணாவது வருஷம் ஐ.வி. போன பஸ் முப்பந்தல் வழியாப் போச்சு. காத்துல ஜன்னல் கண்ணாடி தடதடன்னு ஆடுது. ரெண்டு பக்கமும் காத்தாடிங்க. அதுல நிறைய சின்னது, பழசு. இவ்ளோ காத்து அடிக்கிற இடத்துல இவ்ளோ சின்ன மெஷின் எதுக்குன்னு அப்பவே ஒரு கேள்வி. பதில் எலெக்ட்ரிக்கல் புக்ல இல்லை. வருமான வரிச் சட்டத்துல இருந்துச்சு.

1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் சோதனை முயற்சியாக அரசு ஒரு காற்றாலைப் பண்ணை அமைத்தது. காத்து இருக்குன்னு தெரிஞ்சாச்சு. பணம் போட ஆள் வேணுமே? 90-களில் தனியாரை இழுத்து வந்தது ஒரு வரிச் சலுகை: முதல் வருஷமே 100 சதவீதத் தேய்மானம்.

இங்க கொஞ்சம் மெதுவாப் போவோம், கதையே இதுதான். சாதாரணமா ஒரு மெஷினோட விலையைப் பல வருஷத்துக்குப் பிரிச்சுத்தான் லாபத்துல கழிக்க முடியும். காற்றாலைன்னா மொத்த விலையும் ஒரே வருஷத்துல. 1 கோடி லாபம் பார்த்தவர் 1 கோடிக்குக் காற்றாலை வாங்கினா, வரிக் கணக்குல அந்த வருஷ லாபம் பூஜ்யம்! கம்பெனி வரி 40 சதவீதத்துக்கு மேல இருந்த காலம் அது. கூடவே இன்னொரு வசதி. ஆரல்வாய்மொழியில் எடுத்த மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியாகக் கோயம்புத்தூர் மில்லுக்குக் கொண்டுபோகலாம். சீசன்ல மிஞ்சினதை வாரியத்துக் கணக்குல வெச்சுட்டு அப்புறமா எடுத்துக்கலாம்.

மில்லுக்காரங்களுக்குக் கரண்ட் நிஜமாவே தேவைப்பட்டுச்சு, அதை மறுக்கலை. ஆனா வரிச் சலுகை கிடைக்க, மார்ச் 31-க்குள்ள காத்தாடி வேலைக்கு வந்திருந்தாப் போதும். அப்புறம் எவ்ளோ சுத்துதுன்னு வரி அதிகாரி பார்க்கப் போறதில்லை. நம்ம பாஷையில இது பக். இத்தனைக்கும் ஜெர்மனி 1991-லேயே வேற வழி பிடிச்சிருந்தது: கட்டினதுக்கு இல்லை, கிரிட்டுக்குள்ள வந்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் காசு.

1996 பட்ஜெட்டில் 'மேட்' என்ற குறைந்தபட்ச வரி வந்தது. தேய்மானத்தைக் காட்டி வரியே கட்டாமத் தப்பிக்கிற வழி அடைபட்டது. புதுக் காற்றாலைகள் சட்டுனு குறைஞ்சுபோச்சு. காத்து என்னவோ அதே காத்துதான்! யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகைன்னு மத்திய அரசு கொண்டுவர 2009 ஆச்சு.

முழுசாத் திட்டவும் எனக்கு மனசு வரலை. அந்த வரிக் கணக்கு இல்லைன்னா, டவர்ல ஏறி வேலை பார்க்கத் தெரிஞ்ச டெக்னீஷியன்கள் இங்க இவ்ளோ சீக்கிரம் உருவாகியிருப்பாங்களான்னு சந்தேகம்.

ஆனா விலையும் கொடுத்துட்டுத்தான் இருக்கோம். இன்னைக்கு ஒரே காத்தாடி 2, 3 மெகாவாட் கொடுக்குது. நாட்டிலேயே நல்ல காத்து அடிக்கிற இடங்கள்ல ஒண்ணான முப்பந்தல்ல அந்தக் காலத்து 250 கிலோவாட் மெஷின்கள் இன்னும் இடம் பிடிச்சு நிக்குது. எடுத்துட்டுப் பெருசா வைக்கலாம்னா நிலம் ஒருத்தர் பேர்ல, பக்கத்து மெஷின் இன்னொருத்தர் பேர்ல, லைன் வாரியத்தோடது. ஆபீஸ்ல பழைய கோடைத் தொடப் பயந்து அப்படியே ஓட்டுவோமே, அதே நிலைமைதான்.