காதில் விழுவது வேறு, கேட்பது வேறு: 'டீப் லிசனிங்' என்றால் என்ன?

"நான் சொல்றது காதுல விழுதா இல்லையா?" என்று அம்மா இரண்டாவது முறை குரல் உயர்த்தும்போதுதான் நம்மில் பலர் ஹெட்போனைக் கழற்றுகிறோம். சத்தம் காதில் விழுவது வேறு, கேட்பது வேறு. இந்த வித்தியாசத்தை வைத்தே தம் இசை வாழ்க்கையைக் கட்டியவர் அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவரோஸ் (1932-2016).

யார் இவர்?

டெக்சஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் நகரில் பிறந்தவர். வாசித்தது அக்கார்டியன். 1950களில் அவர் கைக்கு ஒரு டேப் ரெக்கார்டர் வந்தது. மைக்கை ஜன்னலோரம் வைத்துப் பதிவுசெய்தார். பிறகு போட்டுக் கேட்டால், அங்கேயே இருந்தும் தாம் கவனிக்காத சத்தங்கள் அதில் இருந்தன. மைக் கேட்டிருக்கிறது, அவர் கேட்கவில்லை! அன்றிலிருந்து எப்போதும் எல்லாவற்றையும் கேட்பது என்று தமக்குத் தாமே பயிற்சி கொடுத்துக்கொண்டார்.

1960களின் இறுதியில் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். வியட்நாம் போர், வன்முறை, போராட்டம் என்று நாடே கொதித்த நேரம். அவரோ ஒரே சுரத்தை நெடுநேரம் வாசித்து, அது உடலையும் மனத்தையும் என்ன செய்கிறது என்று கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 'சோனிக் மெடிட்டேஷன்ஸ்' (1971). அதில் இசைக்குறியீடு தேவையில்லை. "இப்படிச் செய்யுங்கள்" என்று சில வரிகள் மட்டும். இசை படிக்காதவர்களும் சேரலாம்.

சரி, எப்படிச் செய்வது?

அவருடைய 'டியூனிங் மெடிட்டேஷன்' பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நண்பர்களோடு வட்டமாக உட்காருங்கள். மனத்தில் தோன்றும் ஒரு சுரத்தை, ஒரு மூச்சு தீரும்வரை பாடுங்கள். அடுத்த மூச்சில், இன்னொருவர் பாடும் சுரத்தைத் தேடிப் பிடித்து அதோடு சேருங்கள். அதற்கடுத்த மூச்சில், யாருமே பாடாத ஒரு சுரம். இப்படியே மாறி மாறி.

"எனக்குப் பாட வராதுங்க" என்று ஒதுங்குபவர்களுக்கு இது பெரிய நிம்மதி. பாதி நேரம் மற்றவரிடமிருந்து மாறுபடுவதுதான் விதியே; சுருதி தப்பியது என்று யாரும் முறைக்க முடியாது. ஆனால் ஏமாற்றவும் முடியாது. யாரும் பாடாத சுரம் எது என்று தெரிய, எல்லாரையும் கேட்டே ஆக வேண்டும்.

2020 கொரோனா ஊரடங்கில் பல நாட்டினர் இதை ஸூம் வழியாகப் பாடினார்கள். ஸூமில் சேர்ந்து பாடினால் குரல்கள் முன்னும் பின்னும் வருமே? வரட்டும்! இதில் தாளம் இல்லை, அதனால் கெடுவதற்கும் ஒன்றும் இல்லை.

பெயர் எப்படி வந்தது?

கொஞ்சம் கடிதான். 1988ல் ஒலிவரோஸும், டிராம்போன் வாசிக்கும் ஸ்டூவர்ட் டெம்ப்ஸ்டரும், பாடகர் பனையோட்டிஸும் வாஷிங்டன் மாநிலத்தின் பழைய ராணுவத் தளம் ஒன்றில் இருந்த காலி நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினார்கள். ஆழம் 14 அடி. கொள்ளளவு 2 மில்லியன் கேலன். "டீப்" என்றால் ஆழம், புரிகிறதா?

உள்ளே எதிரொலி அடங்க ஏறத்தாழ 45 விநாடி. நல்ல கச்சேரி அரங்கிலேயே அது சுமார் 2 விநாடிதான். வாசித்த சுரம் முக்கால் நிமிடம் கூடவே நிற்கும். பொறுமையாகக் கேட்காமல் அடுத்ததை வாசித்தால் எல்லாம் குழம்பிவிடும். அந்தப் பதிவு 1989ல் 'டீப் லிசனிங்' என்ற ஆல்பமாக வந்தது. பெயர் பயிற்சிக்கும் ஒட்டிக்கொண்டது.

எல்லாருக்கும் பிடிக்குமா?

பிடிக்காது. ஓரமாக உட்கார்ந்து கேட்பவருக்குச் சில அமர்வுகள் சலிப்பூட்டும், அதை மறைப்பதற்கில்லை. இது பார்வையாளருக்கான இசை அல்ல, பங்கெடுப்பவருக்கான இசை.

யாரெல்லாம் பங்கெடுக்கலாம் என்பதில் ஒலிவரோஸ் பிடிவாதமாக இருந்தார். உடல் அசைவு மிகக் குறைந்தவர்களுக்காக 'ஆமி' என்ற இலவச மென்பொருளை மற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். கேமரா உங்கள் அசைவைப் பின்தொடரும். தலையை லேசாகத் திருப்பினாலே ஒலி எழும். கையால் கருவியைப் பிடிக்க முடியாத ஒரு பிள்ளையும் குழுவில் உட்கார்ந்து வாசிக்கலாம்.

நீங்கள் முயன்று பார்க்க வேண்டுமானால் இரண்டு மூன்று பேர் போதும், 10 நிமிடம் போதும். புளோக்கின் கீழ்த்தளத்தில் என்றால் இரவு நேரம் மட்டும் வேண்டாம், மேலே தூங்குகிறவர்களுக்கும் காது இருக்கிறது.