நாரணாபுரம் வட்டார வானிலை

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியை ஒட்டியுள்ள பட்டாசுத் தொழில் ஊர் நாரணாபுரம். இது வடக்கு அட்சரேகை சுமார் 9.45 பாகையில் இருப்பதால், ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும், சூரியன் நேர் உச்சிக்கு வரும். முதல் முறை வருவது சித்திரைப் பிறப்பை ஒட்டி. அன்று உச்சிவேளையில் நட்ட கம்பத்துக்கு நிழல் விழாது. ஆனால் கடிகாரத்தில் பன்னிரண்டு அடிக்கும்போது பார்த்தால் ஏமாற்றம்தான். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. அதற்கு மேற்கே இருக்கும் சிவகாசிப் பக்கம் உச்சிப்பொழுது ஏறத்தாழ 12.20 மணிக்கு.

தென்மேற்குப் பருவக்காற்று கேரளச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டுகிறது. இறங்கும் காற்று கிலோமீட்டருக்குச் சுமார் 10 பாகை செல்சியஸ் சூடேறி வறண்டுவிடும். இந்த மழை மறைவுப் பகுதியில் ஆண்டு மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அதில் பாதியளவு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. மானாவாரிக் கரிசலை நம்பிப் பிழைக்க முடியாத சீமை.

வெயில்தான் இங்கே முதலீடு. 1923-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். குச்சி காய, பசை உலர, அச்சிட்ட தாள் ஈரம் இழுக்காதிருக்க இந்த வானமே போதுமாக இருந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு வந்தது. 1940-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்குப் பின் உரிமம் பெற்ற ஆலைகள் பெருகின. திரி செருகிய வெடிகளை இன்றும் மேடையில் பரப்பி வெயிலில்தான் காயவைக்கிறார்கள்.

வறட்சி முழுக்க நல்லதும் அல்ல. வறண்ட காற்றில் உராய்வு மின்சாரம் எளிதில் சேரும். வெடிமருந்து அறைக்குள் இரும்புக் கருவி கூடாது என்பதும் பொறிக்குப் பயந்துதான். ஈரமும் ஆபத்தே. அலுமினியத்தூள் கலந்த மருந்தில் தண்ணீர் பட்டால் தானாகச் சூடேறித் தீப்பற்றலாம். கோடை மழையோடு வரும் மின்னல் இன்னும் மோசம்: அதன் வெப்பம் சூரியப் பரப்பைப் போல் ஐந்து மடங்கு. மின்னல் விழுந்து பட்டாசு அறைகள் வெடித்த நிகழ்வுகள் இவ்வட்டாரத்தில் உண்டு. மின்னலுக்கும் இடிக்கும் மூன்று விநாடி இடைவெளி என்றால் அது விழுந்தது ஒரு கிலோமீட்டர் தொலைவில்.

பட்டாசுக்கும் சூரியனுக்கும் இன்னொரு உறவும் உண்டு. மத்தாப்பில் சிவப்பைத் தரும் ஸ்ட்ரான்சியம் சூரியனிலும் இருக்கிறது; நிறமாலைக் கோடுகள் காட்டிக்கொடுத்தன. பச்சை தரும் பேரியம் உப்புகளுக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தற்போது மாசு குறைந்த ‘பசுமைப் பட்டாசுகள்’ தயாராகின்றன.