கரடி திறக்காத கலன்: ஒரு சிறு வரலாறு

அமெரிக்காவின் யோசமிட்டி தேசியப் பூங்காவில் கரடிகளுக்குக் குப்பையுணவு இடுவது 1940 வரை பொதுமக்களுக்கான காட்சியாகவே நடைபெற்றது. காட்சி நின்றது, கரடிகள் கற்ற பழக்கம் நிற்கவில்லை. மலையேற்றப் பயணிகள் மரத்தில் தொங்கவிட்ட உணவுப் பைகளையும் அவை வீழ்த்தப் பழகின. இதற்கு விடையாக, 1980களில், பல்லுக்கும் நகத்துக்கும் பிடிகொடாத உருளைக் கலன்கள் புழக்கத்துக்கு வந்தன.

கற்றல் அத்துடன் முடியவில்லை. நாட்டின் மறுகோடியில், நியூயார்க் மாநிலத்து அடிரோண்டாக் மலைகளில், ‘யெல்லோ-யெல்லோ’ எனப்பட்ட சிறிய பெண் கரடி ஒருவகைக் கலனின் மூடியைத் திறக்கக் கற்றது. இரண்டாவது தாழ் சேர்க்கப்பட்ட பின்னும் திறந்தது.

எனவே கலனைத் தேர்வோர், எடையையும் கொள்ளளவையும் ஒப்பிடுமுன், செல்லுமிடத்தில் எக்கலன் ஏற்கப்படுகிறது என்பதை அறிதல் வேண்டும். தவறான தேர்வால் நாம் இழப்பது சில வேளை உணவு. மனித உணவுக்குப் பழகிய கரடியோ சுட்டுக் கொல்லப்படவும் கூடும்.