உவமைகளில் வரும் பணம் எவ்வளவு?

இயேசுவின் உவமைகள் எமக்குக் கிடைத்திருப்பது கிரேக்க மொழியில். அவர் அன்றாடம் பேசியது அரமேயம் என்பதே பெரும்பாலான அறிஞரின் கருத்து. ஆகவே கிரேக்கமே ஒரு மொழிபெயர்ப்புத்தான். அதிலிருந்து பிற மொழிகளுக்கு வந்தபோது பணச் சொற்கள் பலவும் பெறுமதி இழந்தன.

தெனாரியம்: உரோம வெள்ளி நாணயம். மத்தேயு 20இல் திராட்சைத் தோட்டக் கூலியாளின் ஒரு நாள் சம்பளம் இதுவே. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் இதைப் 'பென்னி' என்றது. பென்னி பின்னர் சில்லறையாகிவிட, நியாயமான கூலியும் அற்பமாகத் தெரிகிறது.

மினா: சுமார் 100 தெனாரியம். லூக்கா 19இல் இது ஆங்கிலத்தில் 'பவுண்ட்', பழைய தமிழில் 'ராத்தல்'. இறாத்தல் பாண் வாங்கிப் பழகிய எமக்கு அது பணமாகவே கேட்பதில்லை.

தாலந்து: நிறையளவு, பின்னர் அந்நிறை வெள்ளியின் பெறுமதி. சுமார் 6,000 தெனாரியம். வருடத்துக்கு 300 வேலைநாள் என்றால் 20 வருடக் கூலி. மத்தேயு 25இன் உவமையால்தான் ஆங்கிலத்தில் இச்சொல் திறமையைக் குறிக்கலாயிற்று. தமிழ்க் கிறிஸ்தவரும் அவ்வாறே வழங்குகிறோம். அதனால் ஒரு தாலந்தைப் புதைத்தவன் திறமை குறைந்தவனாகத் தெரிகிறான். உண்மையில் அவனிடம் ஒப்படைக்கப்பட்டது பெருந்தொகை. பயத்தினால் அதை முடக்கிவைத்தான்.

இந்த அளவுகளோடு மத்தேயு 18ஐ வாசித்தால் கதை மாறுகிறது. அரசனுக்கு ஊழியன் பட்ட கடன் 10,000 தாலந்து, அதாவது 60 மில்லியன் நாட்கூலி. கிரேக்கத்தில் தனிச்சொல்லாக உள்ள மிகப் பெரிய எண் 10,000. 'எண்ணற்ற' என்ற பொருளும் அதற்குண்டு. கலிலேயாவும் பெரேயாவும் ஏரோது அந்திப்பாவுக்குத் தந்த ஆண்டு வருமானம் 200 தாலந்து என்று வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதுகிறார். அந்தக் கடன் 50 வருட அரச வருமானம். 'முழுவதையும் அடைப்பேன்' என்ற ஊழியனின் வாக்கு நடக்க முடியாதது.

அவனுக்குச் சக ஊழியன் தரவேண்டியது 100 தெனாரியம். 'பென்ஸ்' என்றோ வெறும் 'பணம்' என்றோ வாசித்தால், சில்லறைக்காக ஒருவன் கழுத்தை நெரித்தான் என்று நினைப்போம். அது நான்கு மாதச் சம்பளம். முதற்கடனில் ஆறு இலட்சத்தில் ஒரு பங்குதான். ஆனாலும் இழந்தால் வலிக்கும்.

சீட்டுக்காசாலும் கைமாற்றாலும் உறவு முறிந்த குடும்பங்கள் எம்மிடையே உண்டு. அற்பத்தை மறந்துவிடு என்று இந்த உவமை அவர்களுக்குச் சொல்லவில்லை. உண்மையான இழப்பையே மன்னிக்கச் சொல்கிறது. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போது தொகைகளை நாட்கூலியாக மாற்றிச் சொல்லுவோம்.