பழைய காரின் பற்றரி ஏன் இறங்குகிறது? புதிதை வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் என்று யாழ்ப்பாணத்தில் இன்னமும் ஓடுகிற பழைய கார்களின் சொந்தக்காரரைக் கேட்டால் முறைப்பாடு அநேகமாக ஒன்றுதான். மாலை நன்றாக ஓடி வந்து நின்ற கார், காலையில் ஸ்ராட் வராது. கடைக்குப் போனால் புதுப் பற்றரி போடச் சொல்வார்கள். இன்றைய விலையில் அது பல பத்தாயிரம் ரூபா. ஹையர் ஓடிச் சீவிப்பவருக்குப் பல நாள் உழைப்பு. மூல வருத்தம் அப்படியே இருந்தால் இரண்டு மாதத்தில் புதுப் பற்றரியும் படுத்துவிடும்.

நான் திறந்து பார்த்த கார்களில் பெரும்பாலானவற்றில் பற்றரியில் பிழை இருக்கவில்லை. ஒன்று, நிற்கும்போது எங்கோ மின்சாரம் கசிந்திருக்கும். இல்லாவிட்டால், ஓடும்போது சார்ஜ் ஏறாமல் இருந்திருக்கும். இந்த இரண்டில் எது என்று பிரித்தறியாமல் எதையும் கழற்றக்கூடாது.

நமது கார்களுக்கு இன்னொரு தனிக்கதையும் உண்டு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் இல்லை, பற்றரியும் இல்லை, உதிரிப்பாகமும் இல்லை. துளி பெற்றோலில் எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். இருந்த பற்றரியைப் பிளக்கின் பொறிக்கு மட்டும் மிச்சம் பிடித்து, முன்னால் கம்பி போட்டுச் சுற்றி ஸ்ராட் செய்தோம். வயர் அறுந்தால் வீட்டு வயர், பியூஸ் போனால் செப்புத் தும்பு. நோயாளியையும் பிரேதத்தையும் ஏற்றிக்கொண்டு ஓட அன்று வேறு வழியில்லை. அந்த வேலை செய்தவர்களின் கையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வயர்கள் இன்றும் டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. அவற்றின் மேலேதான் பாட்டுப்பெட்டியும் போன் சார்ஜரும் இணைக்கப்பட்டுள்ளன.

முதலில் பற்றரியையே பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ற் பற்றரி, சில மணிநேரம் ஓய்வாக இருந்த பின் 12.6 வோல்ற் அளவில் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால்வாசி. 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட வெறுமை. ஸ்ராட்டரை அழுத்தும்போது 9.5க்குக் கீழே விழுந்தால் பற்றரி பலவீனம், அல்லது ஸ்ராட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது. கலங்களில் தண்ணீர் குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். எங்கள் கிணறுகளின் சுண்ணாம்புத் தண்ணீர் பற்றரிக்கு நஞ்சு. கொதிக்க வைத்தாலும் அதேதான்.

கசிவைக் கண்டுபிடிக்க விலையான கருவி தேவையில்லை. எல்லாவற்றையும் நிறுத்தி, சாவியை எடுத்து, கதவுகளை மூடுங்கள். பற்றரியின் ஏர்த் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் பற்றரி முனைக்கும் இடையில் ஒரு சிறிய 12 வோல்ற் பல்பை இணையுங்கள். மணிக்கூடு இல்லாத பழைய காரில் அது எரியவே கூடாது. எரிந்தால், பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்ற அணைகிறதோ, பிழை அந்த வழியில். ஹோர்ன் வயரைக் கட்டாயம் பாருங்கள். பல பழைய கார்களில் ஹோர்னுக்குச் சாவி இல்லாமலே மின்சாரம் போகும். ஸ்ரியரிங்குக்குள் தோல் உரிந்த வயர் இரவு முழுக்கக் குடிக்கும். பிறகு சேர்த்த பாட்டுப்பெட்டி, சார்ஜர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டும் பாருங்கள்.

பியூஸ் கழற்றியும் அணையவில்லையா? டைனமோவின் தடித்த வயரைக் கழற்றுங்கள். உடனே அணைந்தால், கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருக்கும் கட்-அவுட் ஒட்டிக்கொண்டுவிட்டது. டைனமோ நின்றதும் பற்றரியைப் பிரித்துவிடுவதுதான் அதன் வேலை. ஒட்டினால் பற்றரி டைனமோவுக்குள் திரும்பிப் பாயும்; சில மணிநேரத்தில் பற்றரி காலி, வயரும் எரியலாம். சாவியை எடுத்த பிறகும் சிவப்பு விளக்கு எரிந்தால் இதுதான். வேறு எதையும் யோசிக்காமல் பற்றரி வயரைக் கழற்றுங்கள்.

கசிவு இல்லையென்றால் சார்ஜிங் பக்கம் வருவோம். பெல்ற்றை நடுவில் விரலால் அழுத்த அரை அங்குலமளவு இறங்கலாம். அதற்கு மேல் தளர்ந்திருந்தால் வழுக்கும். லூக்காஸ் டைனமோவின் பின்பக்கம் பெரிய முனை ‘டி’, சிறிய முனை ‘எவ்’. இரண்டு வயரையும் கழற்றி, இரு முனைகளையும் சிறு வயரால் சேர்த்து, அதற்கும் டைனமோ உடலுக்கும் இடையில் மீற்றரை வையுங்கள். எஞ்சினை ஸ்ராட் செய்து மெதுவாக, மெதுவாக மட்டும், வேகம் கூட்டுங்கள். ஊசி தயங்காமல் 15 வோல்ற்றைத் தாண்டினால் டைனமோ நல்லது. பிழை பெட்டியில் அல்லது வயரில். ஒன்றுமே காட்டாவிட்டால் காபன் பிறஷ் தேய்ந்திருக்கும். ஒரு வோல்ற் அளவில் நின்றால் ஃபீல்ட் சுற்று, ஐந்தாறில் நின்றால் ஆர்மேச்சர். இந்தச் சோதனையில் எஞ்சினை உறும விட்டால் நல்ல டைனமோவும் கருகிவிடும்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே இருக்கும் தகடுகளைக் கையால் வளைத்துப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். தொடுமுனைகளைத் துடைத்து, வயர் முனைகளையும் பெட்டியின் ஏர்த் வயரையும் இறுக்கினாலே பல கார்கள் சரியாகிவிடும். ஓடும்போது சிவப்பு விளக்கு மங்கலாக மினுங்கினால், டைனமோவுக்கும் பற்றரிக்கும் இடையில் எங்கோ அழுக்குத் தொடுப்பு என்று பொருள்.

ஸ்ராட்டரை அழுத்தும்போது சோக் கம்பி சுடுகிறதா? எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையிலான ஏர்த் பட்டி போய்விட்டது. மின்சாரம் சோக் கம்பி வழியாகத் திரும்புகிறது. அந்தப் பட்டியின் விலை பற்றரி விலையோடு ஒப்பிட ஒன்றுமேயில்லை.

இந்தக் கார்களில் பெரும்பாலானவை நேர்முனை ஏர்த். இன்றைய வழக்கத்துக்கு நேர்மாறு. புதுப் பற்றரியைப் பழக்கதோஷத்தில் மாற்றிப் பூட்டினால் டைனமோவின் முனைகள் ஒத்துவராமல் கட்-அவுட் கருகும். எல்இடி விளக்குகளும் பாட்டுப்பெட்டியும் இதே காரணத்தால் பழுதாகும். டைனமோவைத் திருத்தி மீளப் பூட்டினால், ‘எவ்’ வயரைக் கழற்றிவிட்டு, பற்றரியின் ஏர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு வயரை ‘எவ்’ முனையில் கணநேரம் தொட்டு எடுங்கள். அது சரியான பக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்.

எல்லாம் சரியாக இருந்தும் பற்றரி இறங்கலாம். இந்த டைனமோக்கள் முழு வேகத்தில் தருவதே ஏறத்தாழ 20 அம்பியர். ஐடிலில் ஒன்றுமே தராது. பழைய லைற்றுக்குப் பதிலாகப் பெரிய ஹலஜன் பல்ப் போட்டு, கல்யாண ஊர்வலத்தில் ஒரு மணிநேரம் ஊர்ந்தால் பற்றரி இறங்காமல் என்ன செய்யும்? பகலில் மட்டும் ஓடுபவருக்கு டைனமோ போதும். இரவு ஹையர் ஓடுபவருக்கு ஒல்ற்றனேற்றர் மாற்றுவது நியாயமே. ஆனால் அதற்கு முன் காரை மறைமுனை ஏர்த்துக்கு மாற்றி, கொயிலின் இரு வயரையும் இடம் மாற்ற வேண்டும். கழற்றிய டைனமோவைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பிறஷும் புஷ்ஷும் மாற்றினால் இன்னொரு காருக்கு அது உயிர் கொடுக்கும்.