விழுதல் விதி

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில், உயரத்திலிருந்து விழும் கதாபாத்திரத்துக்கு எவ்வளவு சேதம் என்பதைக் கணக்கிடும் விதி. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய இந்த விளையாட்டு 1974இல் வெளியானது.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, விழும் ஒவ்வொரு 10 அடிக்கும் ஓர் ஆறுமுகப் பகடை உருட்ட வேண்டும். உச்சவரம்பு 20 பகடை. 30 அடி மதிலிலிருந்து சறுக்கினால் மூன்று பகடை, சராசரியாகப் பத்துப் புள்ளி சேதம். புதுமுக மந்திரவாதி மயங்கிச் சரிய அது போதும். 200 அடியைத் தாண்டிவிட்டால் மலையுச்சியும் மேகமும் ஒன்றுதான்: சராசரி 70 புள்ளி. உயர்நிலை வீரன் தூசியைத் தட்டிவிட்டு நடையைக் கட்டுவான். இயற்பியல் வாத்தியார்தான் தலையில் கைவைப்பார்.

விளையாட்டில் ஒரு சுற்று என்பது 6 விநாடி. அதற்குள் எவ்வளவு தூரம் விழலாம்? மேசையில் வாக்குவாதம் சூடுபிடிக்கும் இடம் இது. 2017இல் வெளியான ‘ஸானதார்ஸ் கைட் டு எவ்ரிதிங்’ என்ற விதிநூல் 500 அடி என விருப்ப விதி ஒன்றைத் தந்தது. காற்றுத்தடையை விட்டுக் கணக்கிட்டால் ஏறத்தாழ 580 அடி வரும். ஆக, அந்த எண் மோசமில்லை.

‘ஃபெதர் ஃபால்’ மந்திரம் வேகத்தைச் சுற்றுக்கு 60 அடியாகக் குறைக்கும். ‘ரிவர்ஸ் கிராவிட்டி’யோ ஆளை மேல்நோக்கி விழவைக்கும், கூரையில் மோதினாலும் தரையில் விழுந்த அதே கணக்குதான்.